அடியாத மாடும் படியும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கோமாரித் தடுப்பூசி முகாமின்போது நமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் நேர்ந்ததை உங்களுள் சிலர் அறிவீர்கள். ஊசியைக் கண்டு மிரண்ட கறவை மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கச் சென்ற முதியவருக்குக் கை எலும்பு முறிந்தது. மறுநாள் அத்தெருவில் பாதிப் பேர் தம் மாடுகளை ஓட்டி வரவில்லை. மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார், மாடுதான் வரவில்லை. இக்குறையைப் போக்கும் வழியை எண்ணியபோது, விலங்குகளைப் பழக்குவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஓர் அம்மையாரின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அவர் அயல்நாட்டவர். எனினும் அவர் கைக்கொண்ட முறை நமது மாட்டுக் கொட்டிலுக்கும் பயன்படும்.

கேரன் பிரையர் என்னும் அவ்வம்மையார் 1932-இல் அமெரிக்காவில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மணமான பின் ஹவாய்த் தீவில் வாழ்ந்தபோது நாயையும் மட்டக் குதிரைகளையும் பழைய முறையிலேயே பழக்கி வந்தார். கயிறும் கடிவாளமும் அதட்டலுமே அம்முறை. அவருடைய கணவர் அத்தீவில் கடல்வாழ் உயிர்க் காட்சிச்சாலை ஒன்றை நிறுவ முனைந்தார். திறப்பு நாள் நெருங்கியும் டால்பின்கள் பழகவில்லை. ஆகவே 1963-இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு பிரையரிடம் வந்து சேர்ந்தது.

டால்பினை நம் கடற்கரை மீனவர் ஓங்கில் என்பர். அதற்கு மூக்கணாங்கயிறு குத்த முடியாது. கடிவாளம் பூட்ட முடியாது. கையை ஓங்கினால் நீந்திப் போய்விடும். அடிக்க வழியில்லாத விலங்கைப் பழக்குவது எங்ஙனம்? ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆய்ந்து கண்ட நெறி இங்கே துணைக்கு வந்தது. ஒரு செயலுக்குப் பின் நன்மை கிட்டுமாயின், விலங்கு அச்செயலை மீண்டும் செய்யும் என்பதே அந்நெறி. ஆயினும் ஓர் இடையூறு உண்டு. டால்பின் துள்ளியெழும் அந்நொடியில் அதன் வாயில் மீனைக் கொடுக்க இயலாது. தாமதித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அது அறியாது. ஆகவே துள்ளும்போதே சீழ்க்கை ஊதி, பின்னர் மீனைக் கொடுத்தனர். சீழ்க்கை ஒலித்தால் மீன் உறுதி என்று அது கற்றுக்கொண்டது. பிரையரின் கலையில் பாதி, காலம் தவறாத அந்த ஒலியே எனலாம்.

மாலியா என்னும் பெண் டால்பினுக்கு, அதற்குமுன் செய்யாத புதிய செயலைச் செய்தால் மட்டுமே மீன் என்று வைத்தார் பிரையர். முதலில் அது குழம்பிற்று. பின்னர், எவரும் கற்பிக்காத பாய்ச்சல்களையும் சுழற்சிகளையும் தானே செய்து காட்டத் தொடங்கியது. வேறொரு டால்பினிடமும் இதனைச் சோதித்து, 1969-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் சிறு நண்டு ஒன்றையும் கயிற்றை இழுத்து மணியடிக்க அவர் பழக்கினாராம்! 1984-இல் தம் அனுபவங்களை நூலாக்கினார். 1992 முதல், 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியைக் கொண்டு நாய் வளர்ப்போருக்கும் இம்முறையைப் பரப்பினார். 2025 ஜனவரியில் 92-ஆம் வயதில் மறைந்தார். கடலில் திரிவதைத் தொட்டியில் அடைத்து வேடிக்கை காட்டுவது நமக்கு உடன்பாடன்று. நம் நாட்டிலும் 2013-இல் அத்தகைய காட்சியகங்களுக்கு இசைவு மறுக்கப்பட்டது. அவர் கற்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

'அடியாத மாடு படியாது' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். நமது இளமையில் வீட்டில் ஒரு கன்றுக்காளை இருந்தது. நுகத்தில் பூட்டிய முதல் நாளே தாற்றுக்கோலால் குத்தினோம். மூன்றாம் நாள் அது நுகத்தோடு படுத்துவிட்டது. மேலும் அடித்தோம், மேலும் படுத்தது. படுக்காளி என்ற பெயரோடு பாதி விலைக்குச் சந்தையில் போயிற்று. நுகத்தடியைக் கண்டால் வலி வரும் என்று அதற்குக் கற்பித்தவர்கள் நாமே என்பது அன்று விளங்கவில்லை.

இன்று பல நாடுகளின் விலங்குக் காட்சிசாலைகளில் விலங்குகள் தாமாகவே உடலைக் காட்டி ஊசி போட்டுக்கொள்ள இம்முறையில் பழக்கப்படுகின்றன. நமது பசுவுக்கும் அது இயலும். முகாமுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். நாவால் எழுப்பும் ஒலி மாட்டை ஓட்டுவதற்கு உரியது. ஆகவே விரலைச் சொடுக்குங்கள். சொடுக்கியவுடன் ஒரு பிடி புண்ணாக்கு. இரண்டு மூன்று நாளில் ஒலியின் பொருள் அதற்குத் தெரிந்துவிடும். பிறகு கழுத்தைத் தொடுங்கள்; அசையாது நின்றால் சொடுக்கிக் கொடுங்கள். அடுத்துத் தோலை மெல்லக் கிள்ளுங்கள். அதன்பின் அயலார் ஒருவரைத் தொடச் சொல்லுங்கள். மிரண்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள், அதட்ட வேண்டா. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். தீவனம் கூடுதலாகச் செலவாகாது. கொடுக்கும் தீவனத்திலிருந்தே ஒரு பங்கை எடுத்து வையுங்கள். முட்ட வரும் காளையிடம் இதைச் சோதிக்க வேண்டா. கட்டுக் கயிற்றையும் உடனே அவிழ்த்துவிட வேண்டா.

ஊராட்சிக்கு இரண்டு வீட்டார் முன்வந்தால், கால்நடை உதவி மருத்துவரோடு நாமே வந்து முதல் நாள் பயிற்சியைத் தொடங்கி வைப்போம். உறுப்பினர்கள் பெயர்களை இன்று மாலைக்குள் ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.