பராமரிப்பு வேலைக்கும் ஒரு தீர்மான நோட்டு வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வீட்டுப் பராமரிப்புப் பணி செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பேசுவேன். இதையும் ஒரு பெரிய குழுக் கூட்டம்னு நினைச்சுக்கிட்டே பேசுறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நான் ஆறு வருஷமா ஒரே வீட்டில் பராமரிப்பு வேலை செய்றேன். நான் பார்த்துக்கிறவங்க ஓய்வு பெற்ற ஆசிரியை. பேர் சொல்ல மாட்டேன்; ஏன்னு பின்னாடி சொல்றேன். டீச்சர்னே சொல்லிக்கிறேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனப்ப விழுந்து முதுகுத் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்காங்க.

குளிப்பாட்டுறது, படுக்கையில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறது, சக்கர நாற்காலிக்கு மாத்துறது, சிறுநீர்ப் பையைக் காலி பண்ணி அளவு எழுதி வைக்கிறது, பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த மாதிரி காலை மடக்கி நீட்டி விடுறது, இதெல்லாம் என் வேலை. வேலைக்குச் சேர்ந்தப்ப இப்படி யாரும் பிரிச்சுச் சொல்லலை. "அம்மாவைப் பார்த்துக்கணும்" அப்படின்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. நானும் சரின்னு தலையாட்டினேன். அந்த ஒரு வார்த்தைக்குள்ள எத்தனை வேலை வேணும்னாலும் அடங்கும்னு அப்ப எனக்குத் தெரியலை.

முதல்ல டீச்சருக்கு மட்டும் கஞ்சி வச்சேன். அப்புறம் "அரிசி கூட ரெண்டு டம்ளர் போட்டுடுங்க அக்கா" ஆச்சு. டீச்சர் துணியோட பிள்ளைங்க யூனிபார்மும் வந்துச்சு. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவ ஏழரைக்குக் கிளம்பினேன். யாரும் அதட்டிச் சொல்லலை. அன்பாத்தான் சொன்னாங்க. அதட்டிச் சொன்னா மறுத்துடலாம், அன்பாச் சொன்னா மறுக்க வாய் வராது. இங்க இருக்கிற பல பேருக்கு அது தெரியும்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. என் மக காலேஜ் சேர்ந்தப்ப டீச்சர்கிட்ட 8,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். குழுவில் பழைய கடன் ரெண்டு தவணை பாக்கி இருந்ததால திரும்பக் கேட்கக் கூச்சம். டீச்சர் வட்டி கேட்கலை, தவணை கேட்கலை. ஆனா வேலை செய்ற இடத்தில் கடன்பட்டவ "இது என் வேலை இல்லை"ன்னு எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்லுவா?

பேரனுக்குக் காதுகுத்து வந்துச்சு. காலையில் பத்து மணிக்கு டீச்சரைப் பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார வச்சேன். சமையலுக்குச் சொல்லியிருந்த அம்மா வரலை. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கை கொடுங்க அக்கா"ன்னாங்க. அடுப்படிக்குப் போனேன். சொந்தக்காரங்க வரிசையா வந்து டீச்சர்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டிருந்தாங்க. நான் வெளியில வரும்போது மணி ரெண்டரை.

உணர்ச்சி இல்லாத உடம்பு நாற்காலியில் இருந்தா, குறைஞ்சது அரை மணிக்கு ஒரு தடவையாவது உடம்பின் பாரத்தை மாத்தி விடணும். நமக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தா வலிக்கும், தன்னால அசைஞ்சுக்குவோம். அவங்களுக்கு அந்த வலி வராது. கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கிற பலமும் டீச்சர் தோளில் இல்லை. அன்னைக்கு நாலரை மணி நேரம் அசையாம இருந்திருக்காங்க.

சாயங்காலம் சேலை மாத்தும்போது பார்த்தேன். முதுகின் அடியில், எலும்பு தட்டுப்படுற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்திப் பார்த்தா சிவப்பு மறையலை. அழுத்தியும் மறையலைன்னா படுக்கைப்புண் தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். மூணாம் நாள் தோல் உரிஞ்சுது. ஆறுறதுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மாசமும் டீச்சர் நாற்காலியில் உட்காரவே இல்லை. குப்புறவும் ஒருக்களிச்சும் படுத்தே கிடந்தாங்க.

"ஏன் டீச்சர் என்னைக் கூப்பிடலை?"ன்னு அழுதுக்கிட்டே கேட்டேன்.

"வலிச்சிருந்தா கூப்பிட்டிருப்பேன். எனக்குத்தான் வலிக்காதே. அதுக்குத்தானே நீ இருக்கே"ன்னாங்க.

அவங்க குத்திக் காட்டிச் சொல்லலை. ஆனா எனக்கு அது குத்துச்சு. கூடுதல் வேலை செஞ்சா என் உடம்புதான் நோகும், சம்பளம்தான் நட்டம்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். நான் ஒருத்தருக்கும் மறுப்புச் சொல்லாததால புண்ணு வந்தது டீச்சர் உடம்பில்.

அந்த வாரக் கூட்டத்தில் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நம்ம ஊக்குநர் அக்கா முதல்ல கடன் கணக்கைத்தான் கேட்டாங்க. பழைய பாக்கியைத் தவணையோட சேர்த்துக் கட்டுறதுன்னு பேசி, 8,000 ரூபாய் உள்கடன் தீர்மானம் போட்டுக் கொடுத்தாங்க. மறுநாளே டீச்சர் கையில பணத்தைக் கொடுத்தேன். அன்னைக்குத்தான் அந்த வீட்டில் நிமிர்ந்து நின்னேன்.

அப்புறம் அந்த அக்கா கேட்டாங்க: "நம்ம குழுவில் தீர்மான நோட்டில் எழுதாம ஒரு ரூபாய் நகருமா? பத்து மணி நேரம் நீ உழைக்கிறே, அதுக்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்கா?"

இல்லை. அதனால நானே எழுதலாம்னு உட்கார்ந்தேன். முதல்ல டீச்சர்கிட்டதான் கேட்டேன், மகன்கிட்ட இல்லை. பார்த்துக்கிறது அவங்களை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்ன சொல்லுது? அவங்களும் எல்லோரையும் போல மதிப்போட வாழணும், தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கணும்னு சொல்லுது. டீச்சர் சிரிச்சுட்டு, "நீ சொல்லு, நான் எழுதுறேன். உன் எழுத்தில் பிழை திருத்த எனக்குப் பொறுமை இல்லை"ன்னாங்க.

நம்ம குழுவுக்குப் பஞ்சசூத்திரம் இருக்கிற மாதிரி நாங்களும் அஞ்சு எழுதினோம்.

ஒண்ணு, வேலை. டீச்சரின் உடம்பு, உணவு, துணி, அறை, இவ்வளவுதான். வீட்டுக்கே சமைக்கிறது இதில் இல்லை.

ரெண்டு, நேரம். காலை எட்டு முதல் மாலை ஆறு. அதுக்கு மேல இருக்கணும்னா முதல் நாளே சொல்லணும், அதுக்குத் தனிக் கூலி. ஞாயிறு லீவு. அன்னைக்கு யார் பார்ப்பாங்கன்னு மகன் பேரும் எழுதியிருக்கு. அவருக்கும் புரட்டிப் படுக்க வைக்கக் கத்துக் கொடுத்தேன்.

மூணு, பணம். கடன் கொடுக்கிறதும் இல்லை, வாங்குறதும் இல்லை. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் என் கைக்கு வரக் கூடாது. மருந்து வாங்கினா ரசீதை நோட்டில் ஒட்டி, மீதியை எழுதி, அன்னைக்கே கையெழுத்து.

நாலு, மருந்து. டாக்டர் சீட்டில் உள்ளது மட்டும். "எனக்குப் போடுறீங்களே, அதே மாத்திரையை இவருக்கும் கொடுங்க" இதெல்லாம் கிடையாது. ஊசி போட மாட்டேன். நான் கத்துக்காததைச் செய்ய மாட்டேன். தனியாத் தூக்க மாட்டேன். தூக்க இன்னொரு ஆள் வேணும்.

அஞ்சு, மரியாதை. என்னைத் தொட்டோ, தப்பாவோ யார் பேசினாலும் அன்னைக்கே வேலையை நிறுத்துவேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ல் வந்தது. வீட்டு வேலைக்குப் போற பெண்ணுக்கு அந்த வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவில் மனு கொடுக்கலாம். அவசரம்னா 181-க்குக் கூப்பிடுங்க.

எழுதி முடிச்சதும் டீச்சர் பேனாவை மூடலை. "இப்ப என் பங்கு"ன்னு கீழே மூணு வரி எழுதினாங்க. தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடணும். டாக்டர் என்கிட்ட கேட்டா நான்தான் பதில் சொல்லுவேன், நீ முந்திக்கக் கூடாது. என் உடம்பு சங்கதி தெருவுக்குப் போகக் கூடாது.

எனக்கு முகம் சிவந்து போச்சு. மூணையும் நான் செஞ்சிருக்கேன். டாக்டர் "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா டீச்சர் வாயைத் திறக்குமுன்னே நான் ஒப்பிப்பேன். தண்ணிக் குழாயடியில் அவங்க மலச்சிக்கலைப் பத்திக் கூடப் பேசியிருக்கேன். கோடு எனக்கு மட்டும்தான் தேவைன்னு நினைச்சிருந்தேன், அவங்களுக்கும் தேவையா இருந்துச்சு. பேர் சொல்லாததுக்குக் காரணம் இதுதான். இவ்வளவையும் இங்க சொல்றது கூட அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான்.

மருமகளுக்கு முதல்ல கோபம். "கம்பெனி மாதிரி ரூல்ஸ் பேசுறீங்க"ன்னு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசலை. வேலை போயிடுமோன்னு பயந்தேன். வேற ஆள் விசாரிச்சதும் தெரியும். டீச்சர்தான் மகனைக் கூப்பிட்டு, "முதுகில் இருக்கிற தழும்பை நீ ஒரு தடவை பாரு, அப்புறம் முடிவு பண்ணு"ன்னாங்க. அவர் பார்த்தார். சமையலுக்குத் தனி ஆள் வச்சாங்க.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது, மறுக்கும்போது "முடியாது"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. "அதை நான் செஞ்சா, அந்த நேரம் அம்மாவை யார் புரட்டிப் படுக்க வைப்பாங்க?"ன்னு கேளுங்க. அதுக்கு அவங்கதான் பதில் சொல்லணும்.

கோடு போட்டா கல் நெஞ்சுன்னு அர்த்தம் இல்லை. போன மழையில் மருமகளுக்குக் காய்ச்சல், நான்தான் மூணு நாள் சமைச்சேன். ஆனா நோட்டில் "மூணு நாள் மட்டும்"னு எழுதிட்டுச் சமைச்சேன். ராத்திரி பதினொரு மணிக்கு டீச்சர் போன் பண்ணி அழுவாங்க. அதுக்கும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். அவசரம்னா எந்த நேரமும் எடுப்பேன், மனசு கஷ்டம்னா காலையில் வந்து கேட்பேன்னு சொன்னேன். கூட வேலை பார்த்த பழைய டீச்சர்கள் ரெண்டு பேர் நம்பரைத் தேடிக் கொடுத்தேன். இப்ப ராத்திரி அவங்களோட பேசுறாங்க. ஒரு மனுஷிக்கு நான் ஒருத்தி மட்டுமே போதும்னு இருந்தது தப்புன்னு இப்பத் தெரியுது.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை. நம்ம உறுப்பினர்களில் இந்த வேலைக்குப் போறவங்க எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒண்ணு அச்சடிச்சுத் தரணும். ஒருத்திக்கு உடம்பு முடியலைன்னா மாத்தாள் போக ஒரு பட்டியல் வைக்கணும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-லயே வந்துடுச்சு. நம்மில் பதியாதவங்களைக் கூட்டிப் போய்ப் பதிய வைக்கணும்.

டீச்சர் இப்ப நாற்காலியில்தான் இருக்காங்க. இன்னைக்கு நான் இங்க வந்ததால மகன் லீவு போட்டுட்டு வீட்டில் இருக்கார். அரை மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கிற மாதிரி போனில் வச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கேன். ஆறு மணிக்கு மேல நான் என் வீட்டுக்குப் போவேன்.