தூக்குமேடைக்கு முன் ஒரு கேள்வி

இன்று சட்டப் பட்டதாரிகளாகும் இளம் நண்பர்களே,

சட்டம் வளைந்து கொடுக்க வேண்டுமா, கறாராக நிற்க வேண்டுமா என்று முதலாண்டிலேயே பட்டிமன்றம் நடத்தியிருப்பீர்கள். அமர்வு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது இன்னும் முடியாத வழக்கு.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 303 என்று ஒரு பிரிவு இருந்தது. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் தூக்குதான். வேறு தண்டனையே கிடையாது. சிறைக்குள் நடந்ததா, பரோலில் வந்தபோது நடந்ததா, எந்த ஆத்திரத்தில் நடந்தது என்பதெல்லாம் தண்டனையை அணுவளவும் மாற்றாது. 1983-இல் மிட்டு வழக்கில் ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. குற்றவாளியின் முகத்தைப் பார்க்க விடாத சட்டம் நீதிபதியை வெறும் முத்திரைக் கட்டையாக்கிவிடும். அது ஒழிந்ததில் எனக்கு இன்றும் நிம்மதி.

ஆனால் அதே சட்டத்தில் கொலைக்குத் தண்டனை சொன்ன 302-ஆம் பிரிவைப் பாருங்கள். தூக்கு அல்லது ஆயுள் என்று நீதிபதியின் கையில் விட்ட சட்டம் அது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தைக் கொன்றதாக மூன்று பேருக்கு 1975-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் ஒன்று, மூவரின் பங்கும் ஒன்று. தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒருவரின் மனு தள்ளுபடியானது. இன்னொருவரின் தண்டனையை வேறொரு அமர்வு ஆயுளாகக் குறைத்தது. மூன்றாமவர் கடைசி நேரத்தில் தடை உத்தரவு வாங்கினார். முதலாமவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய கூட்டாளியின் உயிர் ஏற்கெனவே காப்பாற்றப்பட்டிருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கைக்கு வந்தபடி வளைந்த சட்டம் அந்த மனிதரைக் கொன்றது என்றுதான் நான் நினைக்கிறேன். 1982-இல் மூன்றாமவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், அவருடைய தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. கூடவே ஒரு கட்டளையும் இட்டது: தூக்கிலிடும் முன் சிறைக் கண்காணிப்பாளர், உடன் குற்றவாளி யாருக்காவது தண்டனை குறைக்கப்பட்டதா என்று தானே விசாரித்து அறிய வேண்டும். சின்னக் கேள்வி. ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

என் பதில் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தண்டனையின் அளவு நெகிழட்டும். கேட்டாக வேண்டிய கேள்விகள் நெகிழவே கூடாது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணங்களை எழுதச் சொன்னது. 1980-இல் பச்சன் சிங் வழக்கு, அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே தூக்கு என்றது. குற்றத்தைப் போலவே குற்றவாளியையும் பார்க்கச் சொன்னது. அப்படிப் பார்ப்பதற்கான விவரங்களை யார் கொண்டுவருவது? நீங்கள்தான்.

ஒரு கொலை வழக்கில் குற்றம் நிரூபணமானதும், தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று குற்றவாளியிடம் கேட்டேன். "வயசான அம்மா இருக்காங்க ஐயா" என்றார் அவர். இளம் வயதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார் அவருடைய வழக்கறிஞர். பத்து நிமிடத்தில் ஆயுள் தண்டனை விதித்தேன். மாலையில் படியிறங்கும்போது ஒரு மூதாட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏழு வயசுல செங்கல் சூளைக்குப் போனவன்யா அவன். அங்க வாங்குன அடியில ஒரு காது கேக்காது." கேஸ் கட்டில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

நாளை சீனியரின் அறையில் உங்கள் கையில் ஒரு கட்டு தரப்படும். அதை அவிழ்ப்பதற்கு முன் வராந்தாவைப் பாருங்கள். அங்கே ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் மகன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.