கடற்படைப் பணியும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத்தின் மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்து கண்கலங்கினார். மகனைக் கடற்படையில் சேர்த்துவிடுவதாகக் கூறிய தரகர் ஒருவரிடம், வீட்டு நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பணம் போயிற்று. அதனினும் வேதனை, அந்தப் பிள்ளைக்குத் தேர்வெழுதும் தகுதி இருந்தும் விண்ணப்பமே அனுப்பப்படவில்லை. இப்போது வயதும் கடந்துவிட்டது. அறியாமையால் நேர்ந்த இழப்பு இது. ஆகவேதான் இன்று இதனைப் பேச முற்பட்டேன்.

கடல் நமக்கு அந்நியமன்று. 16ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரின் கடற்படையை நடத்திப் போர்ச்சுக்கீசியரை எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். மும்பையில் கடற்படையின் நிலையம் ஒன்று ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்றே பெயர் தாங்கி நிற்கிறது. நம் மாநிலத்திலும் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து ஆகிய கடற்படை விமானத் தளங்கள் உள்ளன.

இனி, சேரும் வழியைக் கூறுகிறேன். 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, மாலுமிகள் அக்னிவீரர்களாகச் சேர்க்கப்படுகின்றனர். பெண்களும் விண்ணப்பிக்கலாம். எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருத்தல் வேண்டும், எம்.ஆர். பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. திருமணமாகாதவராக இருத்தல் அவசியம். வயது ஏறத்தாழ பதினேழரை முதல் 21 வரை. எந்தத் தேதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்படையின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கணினி வழித் தேர்வு. வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைவதால், தமிழ்வழி மாணவர்கள் பாடப் பொருளை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ள வேண்டும். அடுத்து உடற்தகுதி. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். பின்னர் மருத்துவச் சோதனை. அதன்பின் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்பணி நான்கு ஆண்டுகளுக்கானது. நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. திட்டம் அறிவிக்கப்பட்டபோது முதலாண்டு ஊதியம் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 விழுக்காடு பிடிக்கப்பட்டு, அரசும் அதே அளவு சேர்த்து, முடிவில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஒருசேர வழங்கப்படும் எனக் கூறப்பட்டது. அத்தொகையைத் திருமணச் செலவில் கரைத்துவிடாமல், மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ முதலாக்க வேண்டும். இதனைப் புரிந்துகொண்ட பின்னரே பிள்ளையை அனுப்புங்கள்.

நன்கு படிக்கும் பிள்ளைகள் அதிகாரிப் பணியையே நாடலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்.டி.ஏ. தேர்வு ஒரு வழி. ஜே.இ.இ. மெயின் தரவரிசையின் அடிப்படையில் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு, கேரளத்தின் எழிமலைக் கடற்படைக் கழகத்தில் அரசின் செலவிலேயே பி.டெக். பயில்வது மற்றொரு வழி. இவ்வழியில் வருவோர் நிரந்தர அதிகாரிகளாகின்றனர்.

பெற்றோர்களே! பிள்ளையின் பெயரை இன்றே சரிபாருங்கள். 'முஹம்மது' என்னும் ஒரே பெயர் மதிப்பெண் சான்றிதழில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. கடைசி நேரத்தில் இது பெருந்தடையாகும். பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே கணிதத்தை எண்ணிப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அதற்கு மேல் எவர் கேட்டாலும் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் போர்வைக்குள் புகாமல், மைதானத்தில் ஓடிப் பழகுங்கள். இந்த வாயில் விலை கொடுத்துத் திறப்பதன்று; படிப்பாலும் உழைப்பாலும் திறப்பது. வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுவானாக! வஸ்ஸலாம்.