கடைவீதியின் ஜீவநாடி



பழைய கடைவீதிகள் க்ஷீணித்து வருவதை ஆராயக் கூடியுள்ள இச்சபைக்குத் தலைமை வகிக்குமாறு பணித்த அன்பர்களுக்கு என் வந்தனம். இத்தகைய கூட்டங்களில் பெருநகரங்களையே உதாரணமாகக் காட்டுவது வழக்கமாயினும், விழுப்புரம், திண்டிவனம் என்னும் நம்முடைய இரண்டு ஊர்களை முன்னிட்டே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

சிறுபாணாற்றுப்படையின் தலைவனான நல்லியக்கோடனுக்கு உரிய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஆயினும் நாம் கண்ணால் கண்ட திண்டிவனம் மல்லாட்டை என்னும் நிலக்கடலையால் தழைத்த ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் டி.எம்.வி. என்று ஊரின் பெயரையே தாங்கித் தேசமெங்கும் விதைக்கப்பட்டன. விழுப்புரமோ, 1879-இல் புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டதற்குப் பின் படிப்படியாக ஐந்து திசைகளுக்கும் ரயில் பிரியும் சந்திப்பாகி, அதனாலேயே வணிக ஸ்தலமாக வளர்ந்தது.

சிறுவயதில் என் பாட்டனாருடன் விழுப்புரம் வந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. மண்டியில் மூட்டையை நிறுத்து, கிடைத்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு, பாகர்ஷா வீதியில் பாட்டிக்குப் புடவையும் எனக்குச் சிலேட்டும் வாங்கி, திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் அவர் ஊர் திரும்புவார். மண்டி, ஜவுளிக்கடை, பஸ் நிலையம் ஆகிய மூன்றும் ஒரு கிழவரின் நடைக்குள் அடங்கியிருந்தன. கடைவீதியின் ஜீவநாடி அந்த நடையில்தான் இருந்தது என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன்.

1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் உதயமாயிற்று. ஆட்சியர் அலுவலகமும், அதையடுத்துப் புதிய பேருந்து நிலையமும் திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்தன, புறவழிச்சாலையும் வந்தது. குறுகிய வீதிகளில் நெரிசல் பொறுக்க முடியாததாகிவிட்ட நிலையில் இம்மாற்றத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் வெளியூர்ப் பிரயாணி இறங்கும் இடம் மாறும்போது அவன் வாங்கும் இடமும் மாறும் என்ற எளிய உண்மைக்குப் பரிகாரம் தேடாமல் விட்டது பெரும் பிழை என்பதே என் தீர்ப்பு.

கடைவீதிகளின் சரிவுக்குப் பிற நாடுகள் தேடிய பரிகாரங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் கலமசூ என்னும் நகரம் 1959-இல் தன் கடைவீதியில் வாகனங்களை விலக்கி நடைபாதையாக்கிற்று. அந்நாட்டில் அதுவே முதன்முயற்சி. ஏறக்குறைய நாற்பதாண்டுகள் சென்றபின் அதன் ஒரு பகுதியில் வாகனங்களை மீண்டும் அனுமதிக்க நேர்ந்தது. வீதியை அலங்கரிப்பதால் மட்டும் ஜனங்கள் வந்துவிடுவதில்லை. வருவதற்கு ஒரு காரியமும், வந்து சேர ஒரு வழியும் வேண்டும். பிரிட்டனில் 1996-இல் வகுத்த விதி இதனினும் விவேகமானது: பெருங்கடை வைப்போர் நகரின் நடுவில் இடமில்லையென்று கண்ட பிறகே வெளியே இடம் தேட வேண்டும் என்றது அது.

ஆகவே, விழுப்புரத்தில் பழைய பேருந்து நிலையத்துக்கும் புதியதற்கும் இடையே இடைவிடாமல் மினி பஸ் ஓட வேண்டும். காய்கறி, பூ விற்கும் பெண்களை வீதியின் விரோதிகளாகக் கருதாமல், 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்லும் குழுவைக் கூட்டி அவர்களுக்கு நிலையான இடம் வகுக்க வேண்டும். அவர்களைத் தேடி வருகிறவர்களே பக்கத்துப் பாத்திரக்கடையிலும் நுழைகிறார்கள். ஊரின் நடுவே ஓடும் கோலியனூரான் வாய்க்காலைச் சாக்கடையாக விட்டுவைத்துக்கொண்டு கடைவீதியைச் சீர்திருத்தப் புறப்படுவது வீண் பிரயத்தனம்; 2024 டிசம்பர் மழை வெள்ளத்துக்குப் பிறகு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

திண்டிவனத்திலும் புதிய பேருந்து நிலையம் எழுந்துள்ள இவ்வேளையில், அங்குள்ள நகராட்சியாரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: வழித்தடங்களை முடிவுசெய்யுமுன் நேரு வீதிக் கடைக்காரர்களையும் கிராமங்களிலிருந்து வரும் பெண்களையும் அழைத்து ஒருநாள் முழுதும் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அவர்களிற் சிலர் இன்று இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். முதல் அமர்வில் அவர்களையே முதலில் பேச அழைக்குமாறு வேண்டி, இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.