இருப்புக் கேட்கும் கருவி



கல்முனைக் கடைத்தெருவில் ஒரு வணிகரின் இருப்பு எவ்வளவு என்று அறிய வேண்டுமாயின், அவருடைய கணக்கப்பிள்ளையை அழைத்துப் பேரேட்டைப் புரட்டச் சொன்னாற் போதும். பிள்ளை பிழையாகச் சொன்னால், தொழிலறிந்த முதலாளி அத்தொகையைக் கேட்டமாத்திரத்திலேயே கண்டுகொள்வார். தோஹாவிலும் றியாத்திலும் பிள்ளைகள் உழைக்கும் இக்கரையூர்களில், கிரிப்டோ நாணயம் என்னும் பெயர் இன்று புதியதன்று. அதன் பேரேடோ ஊரில் இல்லை. உலகெங்கும் பரந்த கணினிகளில் இருக்கின்றது.

இந்நாணயம் குறித்து இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்துள்ளது. அதனை வாங்கலாமா, கூடாதா என்பது இப்பேச்சின் பொருளன்று. வைத்திருப்பவர் ஒருவர் தம் இருப்பைச் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் கேட்குமிடத்து, அம்முகவர் எதனை நம்பி விடை கூறுகின்றது என்பதே ஆராயத்தக்கது.

முகவர் எனப்படுவது, மனிதரின் வினாவைப் படித்து, தனக்குத் தரப்பட்ட கருவிகளுள் ஒன்றைத் தெரிந்து இயக்கி, வந்ததை மொழியில் எடுத்துரைக்கும் நிரல். 2024 நவம்பரில் அன்த்ரோப்பிக் நிறுவனம் வெளியிட்ட 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல்' என்னும் பொதுவிதி இத்தகைய கருவிகளை இணைப்பதை எளிதாக்கிற்று. ஆயினும் முகவர் கருவியின் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், அது கேட்கும் விவரங்கள் ஆகியவையே அதன் கண்முன் உள்ளவை. புதிதாய் வந்த கடைப் பையனுக்கு அலுமாரியின் மேல் ஒட்டிய துண்டு எப்படியோ, முகவருக்கு அவ்விளக்கம் அப்படி.

'கணக்கின் இருப்பைத் தரும்' என்று மட்டும் எழுதிய விளக்கம் பார்வைக்குக் குற்றமற்றதே. ஆனால் ஈத்தரியம் வலையமைப்பில் இருப்புக் கேட்கும் கட்டளை, தொகையை ஈதரில் தருவதில்லை. வெய் என்னும் சிற்றலகில் தருகின்றது. 1 ஈதர் என்பது 1 இன் பின் 18 பூச்சியங்கள் இட்ட அத்தனை வெய். அதே வலையமைப்பில் டெதர் என்னும் டொலர் நாணயத்துக்கோ ஆறு தசம தானங்கள். கருவி 25,00,000 என்று விடை தந்தால் உள்ளது இரண்டரை டொலர். நெல்லை அவணத்தால் அளந்தவரும் மரைக்காலால் அளந்தவரும் அளவின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் களத்தில் என்ன நேரும் என்பதை வயற்காரரிடம் விளக்க வேண்டியதில்லை.

இதனினும் கொடியது பூச்சியம். மேற்கூறிய கட்டளை ஈதரை மட்டுமே எண்ணும்; டெதரை எண்ணாது. மேலும், ஒரே முகவரி ஈத்தரியத்திலும் பொலிகன் போன்ற பிற வலையமைப்புகளிலும் செல்லும். இருப்போ ஒவ்வொன்றிலும் வேறு. மகன் டெதராக அனுப்பிய பணத்தைத் தேடும் தாய்க்கு '0' என்ற விடை வந்தால், கள்வன் புகுந்தான் என்றோ மகன் அனுப்பவில்லை என்றோதான் அவள் எண்ணுவாள். எந்த வலையமைப்பு, எந்த நாணயம், எதனைக் கருவி எண்ணாது என்ற மூன்றும் விளக்கத்தில் இருந்திருந்தால் முகவர் அவளிடம் மறுகேள்வி கேட்டிருக்கும்.

விளக்கத்தை மதிப்பிடுவோர் அதன் நடையழகைப் பார்த்தாற் போதாது. மக்கள் கேட்கும் வகையிலேயே பல வினாக்களைத் தொகுத்து, உண்மை இருப்பை ஈத்தர்ஸ்கான் போன்ற பொதுப் பேரேட்டுத் தளத்தில் முன்னரே பார்த்து வைத்துக்கொண்டு, முகவரை விடையளிக்கச் செய்தல் வேண்டும். தவறு நேர்ந்தால், கருவியைத் தெரிந்ததிலா, விவரம் கொடுத்ததிலா, வந்த எண்ணை வாசித்ததிலா என்று பிரித்துக் காணல் வேண்டும். கருவியைத் தொடவே கூடாத வினாக்களையும் இடையே கலத்தல் இன்றியமையாதது. 'ஈதரின் விலை என்ன?' என்பதற்கு இருப்புக் கருவியை இயக்கும் முகவர் எதற்கும் அதனை இயக்கும். விளக்கத்தில் ஒருமுறைக்கு ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றுவது நன்று. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன்தந்தது என்பது தெரியாது.

விளக்கத்திலேயே வஞ்சகம் ஒளிந்திருத்தலும் கூடும். பயனர் காணாத வரிகளில் முகவருக்குக் களவுக் கட்டளை எழுதிவைக்கும் சூழ்ச்சியை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லாப்ஸ் என்னும் ஆய்வுக்குழு எடுத்துக்காட்டிற்று. இருப்பை அறியப் பொதுமுகவரி ஒன்றே போதும். இரகசியச் சாவியையோ, பணப்பையை மீட்கும் 12 அல்லது 24 சொற்களையோ கேட்கும் இருப்புக் கருவியைச் சோதிக்கவும் வேண்டா, விலக்கிவிடலாம்.

இனி, இக்கரைக்கே உரிய ஒரு வினா. ரமழான் வந்ததும் ஸகாத் கணக்கிடுவோர் பலர். கிரிப்டோவுக்கு ஸகாத் உண்டா என்பதை உலமாக்களே சொல்ல வேண்டும். உண்டு என்று கொண்டவர், தம் ஆண்டு நிறைந்த நாளில் இருந்த தொகையையே கேட்பார். பிறைக்கணக்கில் நாள் மஃரிபுடன் தொடங்குகின்றது. கருவிகள் பெரும்பாலும் பின்பற்றும் உலகப் பொதுநேரத்தில் நள்ளிரவாகும்போது கல்முனையில் காலை 5.30 மணி. இடைப்பட்ட அந்த இரவில் பணம் வந்திருக்கலாம், போயிருக்கலாம். இது ஒருபுறமிருக்க, பல கருவிகள் இந்நொடியின் இருப்பை மட்டுமே தருவன. அன்றைய நாளைக் கேட்டாலும் இன்றைய எண்ணையே நீட்டுவன. 'கடந்த நாளின் இருப்பை இக்கருவி தராது' என்னும் ஒரு வரி விளக்கத்தில் இருந்தால், தன்னிடம் அதற்கு வழியில்லை என்று முகவர் சொல்லக்கூடும். கேட்டவரும் தம் பழைய கொப்பியை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.