புரூட் ஆற்றங்கரை, 1711: முற்றுகையிட்டவர் ஏன் வழிவிட்டார்?



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர் பள்ளியில் வரலாறு கற்பித்த ஓர் ஆசிரியர். எந்தப் போரைப் பற்றிப் படித்தாலும் அந்தப் படைக்குச் சோறும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று முதலில் பாருங்கள் என்று அவர் சொல்வாராம். அவரிடம் படித்தவர்கள் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் கிடையாது.

1711ஆம் ஆண்டு ஜூலை மாதம், இன்றைய ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் எல்லையாக ஓடும் புரூட் ஆற்றங்கரையில், ஸ்டானிலெஷ்ட்டி என்ற ஊரருகே, சுமார் 38,000 பேர் கொண்ட ரஷ்யப் படை உதுமானியப் படையால் முற்றிலும் சூழப்பட்டது. அந்தப் படைக்குள் ஜார் முதலாம் பீட்டரே இருந்தார். அவருடைய துணைவி கேதரினும் இருந்தார். வெளியே நின்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உள்ளே உணவு இல்லை. ஆனாலும் மூன்று நாளில் உடன்படிக்கை ஆகி, அந்தப் படை ஆயுதங்களோடும் கொடிகளோடும் வெளியேறியது. உதுமானியத் தலைமை வசீர் பால்தாஜி மெஹ்மத் பாஷா வழிவிட்டார்.

ஏன் விட்டார்? முந்நூறு ஆண்டுகளாக இதற்குச் சொல்லப்படும் விடை ஒன்றுதான்: லஞ்சம் வாங்கினார். கேதரின் தன் நகைகளையெல்லாம் கழற்றிக் கொடுத்தார் என்பது ரஷ்யக் கதை. அவர் இரவில் வசீரின் கூடாரத்துக்கே போனார் என்பது துருக்கியில் நாடகமும் நாவலுமாகிவிட்ட கதை. வசீரின் முடிவை அன்றைய களநிலையோடு வைத்துப் பார்த்தால் அதற்கு இந்தக் கதைகள் தேவையில்லை என்பது என் கருத்து. அதை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1709 ஜூலையில் பொல்தாவாவில் ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸைப் பீட்டர் தோற்கடித்தார். சார்லஸ் தப்பி, உதுமானிய எல்லைக்குள் பெண்டர் கோட்டையருகே தஞ்சம் புகுந்தார். ரஷ்யாவும் டென்மார்க்கும் ஸ்வீடனுக்கு எதிராகக் கைகோத்து நடத்திய நீண்ட போர் அது. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பினாரே டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக், அவர் இந்தப் போரில் பீட்டரின் கூட்டாளி. பெண்டரில் இருந்தபடியே சார்லஸ் சுல்தான் மூன்றாம் அகமதுவை விடாமல் தூண்டினார். கிரிமியாவின் கான் தெவ்லெத் கிராயும் அதையே வற்புறுத்தினார். அஸோவ் கோட்டையை 1696இல் பிடித்துக்கொண்டு அங்கே கப்பற்படை கட்டிய ரஷ்யாவைப் பார்த்து இஸ்தான்புலுக்கே அச்சம் இருந்தது. 1710 நவம்பரில் போர் அறிவிக்கப்பட்டது. ரஷ்யத் தூதர் பியோத்தர் தல்ஸ்தோய் ஏழு கோபுரக் கோட்டையில் அடைக்கப்பட்டார்.

பீட்டர் இதைச் சிலுவைப் போராகவே எடுத்துக்கொண்டார். உதுமானிய ஆட்சிக்கு உட்பட்ட கிறிஸ்தவ மக்கள் தன் கொடியைக் கண்டதும் கிளர்ந்தெழுவார்கள் என்று நம்பினார். இரண்டு சிற்றரசுகள் அவர் கணக்கில் இருந்தன. மால்டேவியாவின் திமித்ரி கன்தெமிர் 1711 ஏப்ரலில் லுட்ஸ்க் நகரில் அவரோடு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டார். வலாக்கியாவின் கான்ஸ்தந்தின் பிரின்கொவியானு தானியம் தருவார் என்பது எதிர்பார்ப்பு. அவரோ இரு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் கதவைச் சாத்திவிட்டார்.

இனி நம் ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். அந்த ஆண்டு மால்டேவியாவில் மழை பொய்த்தது. மிஞ்சிய பயிரையும் புல்லையும் வெட்டுக்கிளி தின்றது. ரஷ்யப் படை திநீஸ்தர் ஆற்றைக் கடந்து புரூட்டை நோக்கி நடந்தபோது வழியில் குடிதண்ணீர் இல்லை, குதிரைக்கு மேய்ச்சல் இல்லை, வெயிலோ கொளுத்தியது. பகைவனைக் கண்ணால் காண்பதற்கு முன்பே தாகத்தாலும் நோயாலும் சிப்பாய்கள் விழத் தொடங்கினார்கள். திநீஸ்தர் கரையிலேயே நின்றுவிடலாம் என்று படைத்தலைவர்கள் சிலர் எச்சரித்தார்கள். பீட்டர் கேட்கவில்லை. ஜூலை 8ஆம் தேதி பொல்தாவா வெற்றியின் இரண்டாம் ஆண்டு விழாவைக் கொண்டாடினார். (ரஷ்யர்களின் பழைய நாட்காட்டி 11 நாள் பின்தங்கியது. நான் இன்றைய நாட்காட்டியின் தேதிகளையே சொல்கிறேன்.) பிறகு, இருந்த குதிரைப்படையில் பெரும்பகுதியைத் தளபதி ரென்னெ தலைமையில் பிராயிலா நகரை நோக்கி அனுப்பினார். டான்யூப் கரையிலிருந்த உதுமானியக் களஞ்சியங்களைப் பிடித்துப் பசி தீர்க்கலாம் என்பது திட்டம். உணவைத் தேடிக் குதிரைகள் தெற்கே போய்விட, கண்ணும் காதுமின்றிக் காலாட்படை புரூட் கரையோரமாக இறங்கியது. என் பார்வையில், தோல்வி நிச்சயமானது இந்த இடத்தில்தான். பிறகு நடந்தவை இதன் விளைவுகள்.

ஜூலை 18இல் உதுமானியப் படை புரூட்டைக் கடந்துவிட்டது. அதைத் தடுக்க அனுப்பப்பட்ட முன்னணிப் படை தடுக்காமலே பின்வாங்கியது. 19ஆம் தேதி இரவு ரஷ்யர்கள் வடக்கே திரும்பி நடந்தார்கள். வேகம் குறைக்கும் வண்டிகளும் மூட்டைமுடிச்சுகளும் எரிக்கப்பட்டன. கட்டையில் கூர்முனைகள் செருகிய தடுப்புகளைச் சிப்பாய்கள் தோளில் சுமந்தபடியே நடந்தார்கள். கிரிமியக் கானின் தாத்தாரியக் குதிரைகள் பாயும்போது இறக்கி வைப்பதும், விலகியதும் மறுபடி தூக்குவதுமாக விடியவிடிய நடை. வரிசையில் ஒரு பெரிய இடைவெளி விழுந்து, பின்னணியில் வந்த பிரெயோப்ரஜென்ஸ்கி ரெஜிமென்ட் பல மணி நேரம் தனியே போரிட வேண்டியதாயிற்று. 20ஆம் தேதி பிற்பகல் அனைவரும் ஆற்றை முதுகுப்புறம் வைத்து, பெண்களையும் எஞ்சிய வண்டிகளையும் நடுவில் விட்டு, சுற்றிலும் அரண் அமைக்கத் தொடங்கினார்கள்.

அரண் முடியவில்லை. பொழுது சாய மூன்று மணி நேரம் இருக்கும்போது சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசாரிகள் பாய்ந்தார்கள். சார்லஸின் ஆலோசகராக வசீரின் முகாமில் இருந்த போலந்துக்காரர் போனியதோவ்ஸ்கி அதை வேண்டாமென்று தடுத்தார். பசி தன் வேலையைச் செய்யட்டும், பொறுத்திருங்கள் என்பது அவர் சொன்ன யோசனை. யாரும் கேட்கவில்லை. ஜானிசாரிகள் ஒரே பக்கத்தில், ஆப்பு வடிவில் நெருங்கித் திரண்டு வந்தார்கள். பீட்டர் எட்டு பவுண்டு பீரங்கிகளை அந்தப் பக்கத்துக்கு இழுத்துவரச் செய்து, ஒரே குழாயில் குண்டையும் சிதறுகுண்டுகளையும் சேர்த்துத் திணித்துச் சுடவைத்தார். அவ்வளவு நெருக்கத்தில், அவ்வளவு திரண்ட கூட்டத்தில், ஒவ்வொரு சூடும் ஒரு சந்து திறந்தது. திரும்பத் திரும்ப வந்தார்கள். திரும்பத் திரும்ப விரட்டப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான ஜானிசாரிகள் அங்கே விழுந்தார்கள். பக்கவாட்டிலும் சேர்த்துத் தாக்கியிருந்தால் பேராபத்தாகியிருக்கும் என்று பீட்டரின் போர்க்குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதை இரு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு: மூன்று பக்கமும் புதிய பதுங்குகுழிகள், பீரங்கிகள். அக்கரையில் தாத்தாரியரும் பெண்டரிலிருந்து வந்த ஸ்வீடன்காரர்களும் போலந்துக்காரர்களும். ஆறு பத்தடியில் ஓடுகிறது. தண்ணீர் எடுக்கக் குனிந்தவன்மேல் குண்டு விழுகிறது. வெளியே இருப்பவனுக்கு: நேற்று போனவர்களில் பலர் திரும்பவில்லை. உள்ளே எவ்வளவு ரொட்டி மிச்சம் என்று தெரியாது. மறுபடி தாக்கச் சொன்னால் ஜானிசாரிகள் மறுக்கிறார்கள். உதுமானிய அரசியலில் ஜானிசாரிகள் மறுப்பு என்பது வசீரின் கழுத்துக்கு வந்த கத்தி. எட்டே ஆண்டுகளுக்கு முன் சுல்தான் இரண்டாம் முஸ்தஃபாவை அரியணையிலிருந்து இறக்கிய கலகத்தில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த நிலையில்தான் ரஷ்யத் தளபதி ஷெரெமேத்தியெவ் பெயரில் சமாதானக் கடிதம் வந்தது. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதும் போயிற்று. முற்றுகையை உடைத்து வெளியேற ரஷ்யர்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ரஷ்யத் துணைச் சான்சலர் ஷஃபீரோவ் பேசப் போனார். பீட்டர் அவருக்கு அனுப்பிய குறிப்பைப் படித்தால் ஜாரின் மனநிலை விளங்கும்: அடிமைத்தனம் ஒன்றைத் தவிர அவர்கள் கேட்கும் எதற்கும் இணங்கிவிடு. ஸ்வீடனிடம் வென்றதையெல்லாம் திருப்பித் தரலாம். பீட்டர்ஸ்பர்க் அமைந்த இங்க்ரியா மட்டும் நிற்க வேண்டும். அதற்கு ஈடாகப் பழைய ரஷ்ய நகரமான பிஸ்கோவைக் கொடுத்தாலும் சரி. வசீருக்கு 1,50,000 ரூபிள் வரை தரலாம் என்றும் அனுமதி இருந்தது.

அனுமதி இருந்தது என்பதால் முடிவு விலைக்கு வாங்கப்பட்டது என்று ஆகிவிடாது. அக்காலத்தில் வசீர்களோடு பேசப் போகிறவர்கள் வெறுங்கையோடு போனதில்லை. ஜூலை 23இல் கையெழுத்தான உடன்படிக்கையில் வசீர் என்ன பெற்றார் என்று பாருங்கள். அஸோவ் திரும்பியது. தகன்ரோக் உள்ளிட்ட புதிய கோட்டைகளை இடிக்க ரஷ்யா ஒப்புக்கொண்டது. போலந்து விவகாரத்தில் தலையிடுவதில்லை என்றும், சார்லஸ் ஊர் திரும்ப வழிவிடுவதாகவும் வாக்களித்தது. சுல்தான் எதற்காகப் போர் தொடுத்தாரோ அந்த நோக்கம் நிறைவேறியது. பால்டிக் கரையில் ஸ்வீடன் இழந்தவற்றை மீட்டுத்தருவது உதுமானியச் சிப்பாயின் வேலையல்ல. பின்புறத்தில் ரென்னெயின் குதிரைப்படை சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; உடன்படிக்கையை அறியாமலே அவர் பிராயிலாவைப் பிடித்துவிட்டார், பிறகு திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

சார்லஸ் செய்தி கேட்டுப் பெண்டரிலிருந்து குதிரையில் பறந்து வந்தார். ரஷ்யர்கள் கொட்டு முழக்கத்தோடு புறப்பட்டுவிட்டிருந்தார்கள். வசீரிடம் சீறினார், பயனில்லை.

வசீரின் பேரில் நான் காணும் குற்றம் ஒன்று உண்டு. அஸோவின் சாவி கைக்கு வருமுன்னே படையை விட்டுவிட்டார். இரண்டு பிணையாட்களை மட்டும் வைத்துக்கொண்டார். பீட்டர் சாக்குப்போக்குச் சொல்லிக் காலம் கடத்த, சுல்தான் மறுபடி மறுபடி போர் அறிவிக்க, 1713இல் எதிர்னே உடன்படிக்கையில்தான் விவகாரம் தீர்ந்தது. அதற்குள் பால்தாஜி பதவி இழந்து, நாடுகடத்தப்பட்டு, 1712இல் இறந்துபோயிருந்தார்.

நகைக் கதைக்கு வருகிறேன். கேதரின் அந்த முகாமில் மனம் தளராமல் இருந்தார் என்பதில் ஐயமில்லை. பீட்டரே 1714இல் அவரைச் சிறப்பிக்கப் புனித கேதரின் விருதை ஏற்படுத்தி முதல் விருதை அவருக்கே அளித்தார். நகைகளைப் பற்றி டேனியத் தூதர் யூஸ்ட் யூல் வேறு மாதிரி எழுதுகிறார்: அருகிலிருந்த அதிகாரிகளுக்கும் பணியாளர்களுக்கும் கொடுத்தார், சமாதானம் ஆனதும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘நான் சிறைப்பட்டால் என்னை ஜாராகக் கருத வேண்டாம்’ என்று பீட்டர் செனட்டுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதமும் இப்படித்தான். அது அச்சில் வந்தது 1780களில். பல அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. மாணவர்கள் ஒரு சான்றை எடுக்கும்போது அது எப்போது, யார் கையால் எழுதப்பட்டது என்று கட்டாயம் பாருங்கள்.

இந்தக் கதைகளால் மறைந்துபோனவர்கள் வேறு சிலர். பிணையாக விடப்பட்ட ஷஃபீரோவும், தளபதியின் மகன் மிகயீல் ஷெரெமேத்தியெவும் ஏழு கோபுரக் கோட்டையில் வாடினார்கள். விடுதலையாகித் திரும்பும் வழியிலேயே மிகயீல் இறந்தார். கன்தெமிரை ஒப்படைக்கும்படி உதுமானியர் கேட்டார்கள். பீட்டர் கொடுக்கவில்லை, அந்த இக்கட்டிலும் கொடுக்கவில்லை என்பதை அவர் கணக்கில் நான் மனமார வரவு வைப்பேன். நாட்டை இழந்த கன்தெமிர் ரஷ்யாவில் அமர்ந்து உதுமானியப் பேரரசின் வரலாற்றை எழுதினார். இஸ்தான்புலில் வாழ்ந்த காலத்தில் அவர் இயற்றிய இசை இன்றும் துருக்கியில் வாசிக்கப்படுகிறது. இரு பக்கமும் பார்த்த பிரின்கொவியானுவை 1714இல் நான்கு மகன்களோடு சேர்த்து இஸ்தான்புலில் தலைவெட்டினார்கள்.

மால்டேவிய மக்களின் கதை இன்னும் நீண்டது. வெட்டுக்கிளி தின்ற ஆண்டில் இரண்டு பெரும்படைகள் அவர்கள் நிலத்தில் நடந்தன. ஜாருக்கு ஒரு தவறான பயணமாகவும் வசீருக்கு ஒரு பதவி இழப்பாகவும் முடிந்த போர், அவர்களுக்கு உள்ளூர் அரசர்களின் ஆட்சியையே முடித்துவைத்தது. இஸ்தான்புலிலிருந்து நியமிக்கப்பட்ட ஃபனாரியட் (அந்நகரின் கிரேக்கக் குடும்பத்து) ஆளுநர்களின் ஆட்சி அங்கே 1711இல் தொடங்கி 1821 வரை நீடித்தது. புரூட் போரைப் பற்றி ஆய்வு செய்ய முன்வரும் மாணவர்கள் ஜாரின் கூடாரத்தையும் வசீரின் கூடாரத்தையும் விட்டு, அந்த ஆற்றங்கரைக் கிராமங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.