கப்பலில் போட்ட கணக்கு

தூத்துக்குடியில் கப்பல் பார்க்காத மாணவர் இல்லை. அதனால் சுப்பிரமணியன் சந்திரசேகரை நான் கப்பலிலிருந்துதான் தொடங்குவேன்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்த 19 வயது இளைஞர், பம்பாயில் கப்பலேறினார். இங்கிலாந்து போய்ச் சேருமுன்பே கணக்குப் போட்டுவிட்டார்: எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று அது பின்னர் திருத்தமாயிற்று. 1935இல் லண்டனில் எடிங்டன் அதைச் சபை நடுவே கேலி செய்தார். நோபல் பரிசு வர 1983 ஆயிற்று.

எட்டாம் வகுப்பில் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "பெரியவங்க தப்பாச் சொன்னா யாரு சார் திருத்துவா?"

முந்தின வாரம் அவன் போட்ட கணக்கை, நான் சொன்ன வழியில் இல்லையென்று அடித்திருந்தேன். விடை சரி. அன்று மாலையே நோட்டை வாங்கி மதிப்பெண்ணை மாற்றினேன்.